படிப்பகத்துக்கு மேசை, பெஞ்சு: விழுந்த தூங்குமூஞ்சி மரத்தில் செய்யலாமா?

வியாசை வாசகன்

வணக்கம். வியாசர்பாடியில் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம். தரைத்தளம், ஒரே பெரிய அறை, மழை வலுத்தால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் வடியாமல் நின்றதில் அங்கிருந்த பார்ட்டிகிள் போர்டு மேசைகள் எல்லாம் கால் பக்கம் உப்பி, உள்ளே இருந்த மரத்தூள் கையோடு வர ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பிள்ளைகள் தரையில் பாய் விரித்துத்தான் எழுதுகிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று முதுகு வலிக்கிறது என்று வருவதையே நிறுத்திவிட்டது. அதனால் இந்த ஜூனில் பள்ளி திறப்பதற்குள் நல்ல மரத்தில் நாலு மேசை, எட்டு பெஞ்சு போட்டுவிட வேண்டும் என்று பணம் திரட்டிக்கொண்டிருக்கிறோம்.

கடைகளில் விசாரித்தால் இரண்டே பதில்தான் வருகிறது. ஒன்று வெளிநாட்டுத் தேக்கு, எங்கள் கைக்கு எட்டாது. இன்னொன்று மறுபடியும் அதே போர்டு, மேலே லேமினேட் ஒட்டியது. இதற்கிடையில் மாதவரத்தில் ஒரு வீட்டுக்காரர், காம்பவுண்டுக்குள் காற்றில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்தின் அடிமரத்தைச் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். சுற்றளவு ஆறடி, நீளம் எட்டடி, கிளையெல்லாம் விறகுக்குப் போய்விட்டது. எங்களுக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் "அது விறகு மரம்பா, ஒரே வருஷத்துல மாவு கொட்டும், வேலைக்கு ஆகாது" என்று முடித்துவிட்டார்.

நிஜமாகவே ஆகாதா? ஆகும் என்றால் எங்கே அறுப்பது, எவ்வளவு நாள் காயவைப்பது, பூச்சிக்கு என்ன செய்வது? நம்ம பக்கம் விளைகிற மரத்தில் வேறு எது மேசைக்குப் பொருந்தும்? புதிதாக மரம் வெட்டச் சொல்ல எங்களுக்கு மனசு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஜி.என்.டி. ரோடு தச்சன்

தம்பி, ஆசாரி சொன்னதில் பாதி நிஜம். மாவு கொட்டும், ஆனால் எங்கே கொட்டும் என்பதுதான் விஷயம். மரத்தைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள், நடுவில் பழுப்பாக இருப்பது வைரம், அதைச் சுற்றிப் பட்டைக்கு உள்பக்கம் வெளுப்பாக ஓடுவது வெள்ளை. அந்த வெள்ளையில் மாவுச்சத்து இருக்கிறது, தூள்வண்டு அதைத் தின்னத்தான் வருகிறது. குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை போட்டுக் கீழே மைதா மாதிரி தூள் கொட்டினால் அது அந்த வண்டுதான். வைரத்துக்குள் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. தூங்குமூஞ்சியில் வைரம் நல்ல பழுப்பு, கரும்பழுப்புக் கோடு ஓடும், இழைத்து எண்ணெய் போட்டால் வால்நட் என்று சொல்லி விற்கலாம் போல இருக்கும். ஆறடிச் சுற்றளவு என்றால் வைரம் தாராளமாக இருக்கும். ஆக, வெள்ளையைக் கழித்துவிட்டு வேலை செய்கிற ஆசாரிக்கு இது நல்ல மரம்.

இந்த மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு, காயும்போது மற்ற மரங்களை விடக் குறைவாகத்தான் சுருங்கும். தாய்லாந்தில் இதைப் பச்சையாகவே குடைந்து கிண்ணமும் சிற்பமும் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள் என்றால் அதுதான் காரணம். கெட்ட குணமும் சொல்லிவிடுகிறேன். நார் மாறி மாறிப் பின்னி ஓடும், இழைப்புளியை ஒரு பக்கம் தள்ளினால் வழவழப்பாக வரும், ஒரு சாண் தாண்டினால் பிய்த்துக்கொண்டு வரும். கத்தி நல்ல கூராக இருக்க வேண்டும், கடைசியில் உப்புத்தாள் வேலை அதிகம். காய்ந்த மரத்தை அறுக்கும்போது தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, மாஸ்க் கட்டாயம். வாகையும் அப்படித்தான்.

இப்போது அவசரம் என்ன என்றால், அடிமரம் பட்டையோடு தரையில் கிடக்கிறது என்று புரிகிறது. இன்றைக்கே போய் பட்டையை உரித்துவிடுங்கள், இரண்டு முனையிலும் பழைய எனாமல் பெயிண்டைக் கெட்டியாகப் பூசுங்கள், மெழுகு இருந்தாலும் சரி. முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், அதனால்தான் அங்கிருந்து வெடிப்பு ஓடி ஓரடி மரம் வீணாகிறது. லாரியில் ஏற்ற வசதியாக இருக்கும் என்று யாராவது நடுவில் வெட்டச் சொன்னால் விடாதீர்கள். வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று அடித்தபோது நம்ம ஊரில் விழுந்த அத்தனை பெரிய மரமும் இரண்டடித் துண்டாகப் போனதால்தான் பலகைக்கு ஆகாமல் போயிற்று. மனசு ஆறவே இல்லை எனக்கு.

மாதவரத்தில் இருந்து புழல் வரைக்கும் ஜி.என்.டி. ரோட்டில் மரவாடியும் சா மில்லும் இருக்கின்றன, பேண்ட் சா (பட்டை ரம்பம்) உள்ள மில்லாகப் பாருங்கள், வட்ட ரம்பத்தில் அறுத்தால் தூளாகப் போகிற மரம் அதிகம். மேசைப் பலகை முடிவில் ஒன்றரை அங்குலம் வேண்டும் என்றால் ஒன்றே முக்கால் அங்குலமாக அறுக்கச் சொல்லுங்கள், காய்ந்து வளைந்து இழைத்த பிறகு அந்தக் கால் அங்குலம் இருக்காது.

அறுத்த அன்றைக்கே பூச்சி மருந்து. போராக்ஸ் (நாட்டு மருந்துக் கடையில் வெண்காரம் என்பார்கள்), போரிக் ஆசிட், இரண்டும் சம அளவு, 100 லிட்டர் தண்ணீருக்கு இரண்டும் சேர்த்து 5 கிலோ, வெந்நீரில் கரைத்தால் சீக்கிரம் கரையும். தார்பாலினைச் செங்கல் வைத்துத் தொட்டி மாதிரி கட்டி அதில் பலகையை ஊறப்போடலாம். மரம் பச்சையாக இருந்தால்தான் இது உள்ளே இறங்கும், காய்ந்த பிறகு தடவினால் மேலோடு நின்றுவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அன்றைக்கு அந்தப் பக்கம் விடவேண்டாம்.

அப்புறம் அடுக்குவது. காசிமேட்டில் கருவாடு காயவைக்கிற மாதிரி வெயிலில் பரப்பினால் பலகை வெடித்துப் போகும். நிழல் வேண்டும், காற்று வேண்டும். தரையில் இருந்து ஓரடி உயரத்தில் செங்கல் வைத்து, ஒவ்வொரு பலகைக்கு நடுவிலும் ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு, எல்லாத் துண்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் வரணும், மேலே கல்லை வைத்து பாரம் ஏற்றணும். ஒன்றே முக்கால் அங்குலப் பலகை நம்ம ஊர் வெக்கையிலும் ஆறு மாசத்துக்குக் குறையாமல் எடுக்கும். அதனால் ஜூன் கணக்கு உதைக்கிறது தம்பி, அதை யோசியுங்கள்.

வியாசை வாசகன்

அண்ணே, இவ்வளவு விவரமாகச் சொன்னதுக்கு நன்றி. இன்று மாலையே பட்டை உரிக்க ஆள் போகிறது. ஜூன்தான் இடிக்கிறது. சீசனிங் சேம்பர் (மரத்தைச் சூட்டில் காயவைக்கிற அறை) உள்ள மில்லில் கொடுத்தால் சீக்கிரம் ஆகாதா? அப்புறம், இந்த ஒரு மரத்தில் நாலு மேசை வருமா என்று எப்படிக் கணக்குப் போடுவது? மில்லில் ஏதோ கன அடி என்று சொல்கிறார்கள், எங்களுக்குப் புரியவில்லை.

ஜி.என்.டி. ரோடு தச்சன்

சேம்பரில் கொடுத்தால் சில வாரத்தில் காய்ந்துவிடும், ஆனால் அவர்கள் ஒரே வகை மரம், ஒரே கனம் என்று நிரப்பித்தான் ஓட்டுவார்கள், உங்கள் பத்துப் பதினைந்து பலகைக்காக ஓட்ட மாட்டார்கள். பின்னிய நார் உள்ள கனமான பலகையை அவசரமாகச் சூடாக்கினால் உள்ளுக்குள்ளே வெடிப்பு வரும். காற்றில் காயட்டும்.

கணக்கு சுலபம். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கணும். உங்கள் மரம் 72 அங்குலம், நாலால் வகுத்தால் 18, பதினெட்டுப் பதினெட்டு 324 சதுர அங்குலம், அதாவது 2.25 சதுர அடி, எட்டடி நீளத்துக்கு 18 கன அடி. உருளையாக அளந்தால் கிட்டத்தட்ட 23 வரும், ஆனால் மரவாடியில் இந்த நாலால் வகுக்கிற கணக்குதான், பட்டைக்கும் பக்கவாட்டுக்கும் முன்கூட்டியே கழித்துவிடுகிறார்கள். அதிலும் ரம்பத் தூள், வெள்ளை, கணு எல்லாம் போக பாதி நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 9 கன அடி. இரண்டு முனையிலும் அரை அரை அடி வெடிப்புக்கு விட்டால் ஏழடிப் பலகை, எட்டுக்கு ஏழு பாகம்தான் உபயோகம், அப்படியானால் 8 கன அடிக்குக் கொஞ்சம் கீழே. ஏழடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒன்றே முக்கால் அங்குலக் கனத்தில் ஒரு மேசைப் பலகைக்கு இரண்டரைக் கன அடிக்கு மேல் ஆகும். மூன்று மேசை வரும். நாலு ஆறடி மேசை போடுவதை விட மூன்று ஏழடி மேசை போடுங்கள், ஒரு பக்கத்துக்கு நாலு பிள்ளை உட்காரலாம், மரமும் வீணாகாது. முதலில் மரத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் மேசை அளவை முடிவு செய்யணும், நம்ம ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ராயபுரத்துக்காரி

தச்சன் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜூனுக்குள் வேண்டும் என்றால் ஏற்கெனவே காய்ந்த மரம் நம்ம பக்கமே கிடக்கிறது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, சௌகார்பேட்டையில் மெட்ராஸ் டெரஸ் வீடுகளை இடிக்கும்போது மேலே இருந்த பர்மா தேக்கு உத்தரங்கள் எல்லாம் பழைய மரக் கடைக்குத்தான் போகின்றன. அந்தக் கூரையே அப்படி, ஓரடி, ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டை, அதன்மேல் சின்னச் செங்கலைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் அடுக்கியது. நூறு வருஷம் காய்ந்த கட்டை, இனிமேல் வளையவோ சுருங்கவோ அதில் பெரிதாக ஒன்றும் பாக்கி இல்லை. கட்டைகள் குறுகலானவை, மேசைப் பலகைக்கு அகலம் போதாது, ஆனால் கால், சட்டம், பெஞ்சு இதற்கெல்லாம் இதைவிட நல்லது கிடையாது. பெஞ்சுக்கு மூன்று கட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் சின்ன இடைவெளி விட்டுப் பொருத்தினாலே போதும்.

வாங்கும்போது ஆணிதான் எமன். தலை துருப்பிடித்து உதிர்ந்து உள்ளே தண்டு மட்டும் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது, ரம்பப் பல் போனால் மில்காரர் உங்கள் தலையில்தான் கட்டுவார். மரத்தில் எங்காவது கருநீலமாகக் கறை இருந்தால் அங்கே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். சாலையோர மரம், வீட்டு வாசல் மரம் எதுவாக இருந்தாலும் இதைப் பார்க்கணும், போர்டு அடித்த ஆணி, கொடிக்கம்பி எல்லாம் மரம் வளர வளர உள்ளே போய்விடும். உங்கள் மாதவரம் மரத்துக்கும் இதே எச்சரிக்கை.

வெளிநாட்டுத் தேக்கு பற்றிக் கேட்டீர்களே, இன்றைக்குக் கடையில் பர்மா என்று சொல்லிக் காட்டுகிற எல்லாமே பர்மா இல்லை. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. அதன்பிறகு இங்கே வருகிற தேக்கு உருட்டுகளில் பெரும்பகுதி ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் வளர்ந்தவை. இளம் மரம் என்றால் அதிலும் வெள்ளை அதிகம். ஆக, அந்த விலை கொடுத்தும் மாவு கொட்டாது என்று யாரும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள்.

தண்ணீர் வருகிற அறை என்பதால் இன்னொன்று. மரக்காலின் அடிமுனைதான் தண்ணீரை உறிஞ்சும். ஒவ்வொரு காலின் அடியிலும் அரால்டைட் என்கிற எபாக்ஸி பசையைச் சூடாக்கி இளக்கி இரண்டு கை பூசுங்கள், அதன் கீழே ஓரங்குலக் கடப்பா கல் துண்டைப் பித்தளைத் திருகால் பொருத்துங்கள். இரும்புத் திருகு வேண்டவே வேண்டாம், நம்ம கடல் காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்காது.

மணலி கெமிக்கல்

எல்லோரும் உணர்ச்சியோடு பேசுகிறீர்கள், மகிழ்ச்சி, ஆனால் ஒரு எதிர்க்கருத்து. உள்ளூர் மரம் என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன், சரி. இவர்கள் மூன்று மேசையில் நிற்கப்போவது ஒன்றரைக் குவிண்டால் மரம் இருக்கலாம், அதில் பாதி கார்பன். அந்த மேசை மூன்று வருஷத்தில் உளுத்து அடுப்புக்குப் போனால் அத்தனையும் திரும்பக் காற்றுக்குத்தான். அதற்குப் பதில் ஆப்பிரிக்கத் தேக்கில் செய்து ஐம்பது வருஷம் வைத்திருந்தால் அதுதான் லாபம். கப்பலில் வருகிற பாரத்துக்கு ஒரு டன்னுக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் எரிபொருள் லாரியோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. எத்தனை வருஷம் உழைக்கிறது என்பதுதான் அளவுகோலாக இருக்க வேண்டும்.

போரான், அதாவது தச்சன் சொன்ன அந்த வெண்காரம், போரிக் ஆசிட் மருந்து பற்றியும் ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. அது தண்ணீரில் கரைகிற உப்பு, மரத்தோடு வேதியியலாகப் பிணைந்து நிற்காது. வெள்ளத் தண்ணீரில் நாள் கணக்கில் நின்றால் கரைந்து வெளியே வந்துவிடும். மேசைப் பலகைக்குச் சரி, காலுக்கு அதை நம்பாதீர்கள்.

ஜி.என்.டி. ரோடு தச்சன்

மணலி சார் போரான் பற்றிச் சொன்னது சரியான வார்த்தை, அதனால்தான் காலுக்குப் பழைய தேக்கு, மேலே தூங்குமூஞ்சி என்பது நல்ல சேர்க்கை. உழைப்புக் கணக்கையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேக்கில் செய்தாலே ஐம்பது வருஷம் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. மேசை சாவது பெரும்பாலும் மூட்டில்தான் சார். இப்போது பல கடைகளில் தேக்கையே திருகும் பெவிகாலும் போட்டு முட்டுக்கு முட்டு ஒட்டித் தருகிறார்கள், பிள்ளைகள் இரண்டு பேர் ஏறி ஆட்டினால் கால் ஆடும். துளை எடுத்து, அதற்குள் போய் உட்காருகிற கழுந்து செதுக்கி, குறுக்கே மூங்கில் ஆணி அடித்தால் வேம்பிலும் பூவரசிலும் செய்த பெஞ்சு தாத்தா காலத்தில் இருந்து திண்ணையில் நிற்பதைக் காட்டுகிறேன், வாருங்கள். இன்னொன்று, இந்த மரம் ஏற்கெனவே விழுந்துவிட்டது. நாம் எடுக்காவிட்டால் அடுத்த மாசம் செங்கல் சூளைக்குப் போகும், உங்கள் கார்பன் உடனே காற்றில்.

மேசைப் பலகையை மட்டும் சட்டத்தோடு இறுக்கி ஒட்டிவிடாதீர்கள். இரண்டரை அடி அகலம் மே மாசத்துக்கும் நவம்பருக்கும் நாலைந்து மில்லிமீட்டர் அசையும். சட்டத்தில் திருகு போகிற ஓட்டையை நீள்வட்டமாகக் குடைந்து விட்டால் பலகை தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும், வெடிக்காது.

பொன்னேரி தோப்பு

நான் மரம் வளர்க்கிறவன், அதனால் அந்தப் பக்கத்தில் இருந்து பேசுகிறேன். புதிதாக வெட்டச் சொல்ல மனசில்லை என்று வியாசைத் தம்பி எழுதியிருந்தார். நல்ல மனசுதான், ஆனால் விவசாயி வரப்பில் வேம்பும் பூவரசும் நட்டுக் காப்பாற்றுவது ஒரு நாள் காசாகும் என்ற நம்பிக்கையில்தான். எங்கள் பக்கம் வேம்பை வாங்க வருகிற வியாபாரி விறகு விலைக்குத்தான் கேட்கிறார். பலகை விலை கிடைத்தால் இன்னும் இருபது வருஷம் நிற்கவிடுவோம், கிடைக்காவிட்டால் பிடுங்கிவிட்டு சவுக்கு போடுவோம், சவுக்கு நாலைந்து வருஷத்தில் கம்பாகிக் காசு தந்துவிடுகிறது. வெட்டி நடுகிற மரத்தை வாங்குவது காட்டை அழிப்பதாகாது.

எது எதற்கு ஆகும் என்றால், வேம்பு மகோகனி குடும்பம், செம்பழுப்பு, கரையான் அவ்வளவு சுலபத்தில் தொடாது, பெஞ்சுக்கு அருமை. பூவரசு கடலோரத்து உப்பு மண்ணிலேயே வளரும், வைரம் கருஞ்சிவப்பு, வண்டிக்கும் படகுக்கும் போட்ட மரம். ஆனால் நேராக எட்டடி கிடைப்பது அபூர்வம், காலுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும்தான் ஆகும். மா மலிவு, திருவள்ளூர் மாவட்டத்தில் காய்ப்பு நின்ற மரங்கள் வெட்டுக்கு வருகின்றன, ஆனால் அறுக்கத் தாமதித்தால் பூஞ்சையால் நீலக் கறை பாய்ந்துவிடும், பூச்சியும் விடாது. மலைவேம்பு ஆறு ஏழு வருஷத்தில் வெட்டுக்கு வருவதால் நிறையப் பேர் போட்டிருக்கிறோம், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிதான் இதை விவசாயிகளிடம் கொண்டுவந்தது. ஆனால் அது பிளைவுட் மரம், லேசானது, புத்தக அலமாரிக்கு வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் குதிக்கிற பெஞ்சுக்கு வேண்டாம். சவுக்கு வெடிக்கும், மேசைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பட்டா இடத்தில் விழுந்த தூங்குமூஞ்சிக்குப் பெரிய சிக்கல் வராது, இருந்தாலும் வீட்டுக்காரரிடம் ஒரு கடிதமும் மரம் கிடக்கிற படமும் வாங்கி வைத்துக்கொண்டு, வண்டி ஏற்றும் முன் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தேக்கு, ஈட்டி, சந்தனம் என்றால் கதையே வேறு. சாலையோரத்து மரமோ அரசு நிலத்து மரமோ என்றால் மாவட்டப் பசுமைக் குழு அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

வியாசை வாசகன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து பேசி முடிவு எடுத்துவிட்டோம். ஜூனுக்குப் பெஞ்சு மட்டும், எட்டும் பழைய தேக்கில். மேசைக்கு அதே தேக்கில் காலும் சட்டமும் இப்போதே துளை எடுத்துச் செய்து, மேலே தற்காலிகமாக பிளைவுட்டைத் திருகி வைத்துவிடுகிறோம். தூங்குமூஞ்சிப் பலகை காய்ந்து தச்சன் அண்ணன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்து ஈரப்பதம் 14 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது என்று சொன்ன பிறகு பிளைவுட்டைக் கழற்றிவிட்டு அதை ஏற்றுவோம். அடுக்கி வைக்கப் பக்கத்துச் சர்ச்சில் மாடிப்படிக்குக் கீழே நிழலான இடம் தருகிறார்கள். தண்ணீர் ஏறாத இடம். பொன்னேரி அண்ணே, அடுத்த வருஷம் அலமாரிக்கு உங்களிடம் மலைவேம்பு பற்றிப் பேசுகிறோம்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. மேலே என்ன பூசுவது? மெலமைன் பாலிஷ் போடச் சொல்கிறார் ஆசாரி.

ராயபுரத்துக்காரி

மெலமைன் பளபளப்பாக இருக்கும், ஆனால் ஈரம் அடியில் புகுந்தால் வெளுத்து உரியும், உரிந்தால் முழுக்கச் சுரண்டித்தான் மறுபடி போட முடியும், அதற்கு ஆசாரியைக் கூப்பிடணும். படிப்பகத்துக்கு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்), கொஞ்சம் தேன்மெழுகு போதும். பேனா மை கறை விழும், விழட்டும், வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளே உப்புத்தாள் தேய்த்து மறுபடி எண்ணெய் போட்டுக்கொள்ளலாம். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் மூட்டையாகச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், லின்சீட் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போட்டுவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள்.

என்னிடம் ஆணி கண்டுபிடிக்கிற கருவி இருக்கிறது. சனிக்கிழமை காலை மாதவரத்துக்கு எடுத்து வருகிறேன். வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் அடிமரத்தை உருட்டி நாலு பக்கமும் பார்க்கணும், கடப்பாரையோடு இரண்டு பேர் இருந்தால் போதும்.